பதினேழாம் தொட்டி

சண்டை போடு. பேனாவைக் கண்ணாடியில் வைத்தாகிவிட்டது, இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை இழுத்தும் காட்டியாகிவிட்டது, சண்டை போட வேண்டியதுதானே. ஃப்ளவர்ஹார்ன் மீனாகப் பிறந்துவிட்டால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எது அசைந்தாலும் செவுளை விரித்து, மண்டையை நிமிர்த்தி, நேரே வந்து முட்ட வேண்டும். அதற்குத்தான் ‘ஆட்டம்’ என்று பெயர், அதற்குத்தான் நூற்றில் பத்து மதிப்பெண். ஒன்பதாம் தொட்டியில் இருப்பது முட்டிய முட்டில் கண்ணாடி அதிர்ந்து எண் சீட்டே கழன்று விழுந்தது. இது என்னவென்றால் பேனாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாவகாசமாக மேலே வந்து, உடம்பை ஒருக்களித்து, கடற்கரைக்குக் காற்று வாங்க வந்த பென்ஷன்காரரைப் போல நிற்கிறது. கொளத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். நேற்று இங்கே யாருக்கோ கல்யாணம், மேடையில் தெர்மாகோல் எழுத்தில் மணமக்கள் பெயர் இன்னும் தொங்குகிறது, அதன் கீழே இருபத்திரண்டு தொட்டிகள், அவற்றின் முன்னால் தலைமை நடுவராகிய நான். மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டரைக்குள் முடிக்காவிட்டால் மாலை வரவேற்புக்காரர்கள் வந்து மீனோடு சேர்த்து எங்களையும் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். இருபத்தொரு தொட்டி முடிந்தது. பதினேழை மட்டும் கடைசிக்கு வைத்தேன், காரணம் இல்லாமல் இல்லை. ஒன்பதாம் தொட்டி ஆட்டத்தையும் சேர்த்து எண்பத்தெட்டு. இது ஆட்டம் சேராமலே எண்பத்தொன்றரை. ஏழு போட்டால் பதினேழு ஜெயிக்கும், ஆறு போட்டால் ஒன்பது ஜெயிக்கும். ஜெயிக்கிற மீனின் சொந்தக்காரருக்குக் கோப்பை மட்டுமல்ல, ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தையில் ஓராண்டுக்கு ஒரு கடை இடம், வாடகை இல்லாமல். அதற்காகத்தான் அந்தப் பச்சைத் துணிக்குப் பின்னால், பந்தி நடக்கும் கூடத்தில், இருபத்திரண்டு பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். நின்றுகொண்டு மூக்கைத் துணியில் உரசுகிறார்கள். துணியில் ஆங்காங்கே மூக்கு அளவில் மேடு தெரிகிறது. சொந்தக்காரர்கள் ஒளிந்து நிற்க வேண்டும் என்பது நான் கொண்டுவந்த விதி. நாலு வருஷத்துக்கு முன் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் எனக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார், அவர் மீன் அவரைப் பார்த்த மாத்திரத்தில் சண்டையை விட்டுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு தீனி கேட்க ஆரம்பித்தது, பூஜ்யம் போட்டேன், என்னை அடிக்க வந்தார். இந்த மீனுக்கு ஆளைத் தெரியும். சோறு போடுகிறவரிடம் குழைவதும் மற்றவரிடம் பாய்வதும் அதன் சுபாவம். இங்கே சோறு போட்டவர் யாரும் இல்லை. அப்புறம் ஏன் குழைகிறாய்.

பேனாவை மறுபடி வைக்கிறேன். டக் டக். நிறுத்தி, டக். மூன்று நிமிடம் ஒரு தொட்டிக்கு, விதி ஏழு, அதையும் நான்தான் எழுதினேன். மீன் மறுபடியும் வந்து இடது கன்னத்தைப் பேனா இருக்கும் இடத்தில் சாய்க்கிறது. சொரிந்துவிடச் சொல்கிற மாடு போல. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அழகு இருந்து என்ன, இவ்வளவு அழகு இருந்து என்ன. அட்டையில் பார்க்கிறேன், என் கையெழுத்துதான்: மண்டை இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு. உருண்டை, முன்பக்கம் சரியாமல், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவாமல், கெட்டியாக, ஹார்மோன் மருந்து ஊற்றி ஊதவைத்த மண்டை இப்படி இருக்காது, அது தண்ணீர் கட்டிய வீக்கம் மாதிரி தளதளக்கும், ஐந்தாம் தொட்டியில் ஒன்று அப்படித்தான் தளதளத்தது, அதற்கு மூன்று போட்டேன், என்னோடு மதிப்பெண் போடும் செல்வகணபதி முகம் சுளித்தான், அவன் கடையில் விற்ற மருந்தாக இருக்கும். உடல் அமைப்பு இருபதுக்குப் பதினெட்டு. நிறம் இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று. பொன்மஞ்சள், வயிற்றிலிருந்து செவுள்வரை குங்குமம் கரைத்தாற்போல் ஏறுகிறது. துடுப்பு, வால், கண் எல்லாம் சேர்த்து இருபதுக்குப் பத்தொன்பது. மொத்தம் எண்பத்திரண்டு. அதில் அரை மதிப்பெண் கழித்து எண்பத்தொன்றரை, ஏனென்றால் இடது செவுள் மூடியின் ஓரத்தில் ஒரு அரிசி அளவுக்கு வெட்டு. யாரோ ஒரு மடையன் குஞ்சாக இருக்கும்போது தாறுமாறாக வலை போட்டுப் பிடித்திருக்கிறான். அட்டையின் குறிப்புப் பகுதியில் அதையும் எழுதிவைத்திருக்கிறேன், ‘வளர்த்தவரின் கவனக்குறைவு’ என்று, கோடிட்டு. இவர்களுக்கெல்லாம் உயிர் என்றால் விளையாட்டு. ஃப்ளவர்ஹார்ன் என்றால் என்ன என்றாவது தெரியுமா. பூவும் கிடையாது கொம்பும் கிடையாது. காட்டில் ஓர் ஓடையில்கூட இது கிடையாது; மலேசியாவில் சில பேர் இந்த மீனையும் அந்த மீனையும் சேர்த்துவைத்து உண்டாக்கிய கலப்பு. இதற்கு அறிவியல் பெயர்கூட இல்லை, முப்பத்தோரு வருடம் விலங்கியல் நடத்தினவன் சொல்கிறேன், லத்தீனில் இதைக் கூப்பிட ஒரு வார்த்தை கிடையாது. மனிதன் ஆசைப்பட்டான், மண்டை வீங்கியது, அவ்வளவுதான். ஆனால் மைக்கில் ஜெபசிங் சொல்கிறான், “கடவுளின் அற்புதப் படைப்பான ஃப்ளவர்ஹார்ன் மீன்களை நம்ம புரபசர் அரங்கநாயகம் சார் இப்ப பார்வையிட்டுக்கிட்டு இருக்காங்க.” கடவுளுக்கு இதில் சம்பந்தமே இல்லை. நான் புரபசரும் இல்லை. இணைப் பேராசிரியராகத்தான் ஓய்வு பெற்றேன். பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது. சொல்லும்போதெல்லாம் தன்னடக்கம் என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள்.

“இன்னா புரபசர், தூங்குதா அது?” செல்வகணபதி பக்கத்தில் வந்து நிற்கிறான். இரண்டாம் நடுவர். சுண்டுவிரல் நகத்தை வளர்த்து வைத்திருப்பவன், அந்த நகத்தால் தொட்டியைத் தட்டுகிறவன், தட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. “ஒன்றரை நிமிஷம் போச்சு. ஒரு முட்டுகூட முட்டலயே. ரெண்டு போட்டு மூடுங்க, சாப்பாடு வந்திருச்சு. பிரிஞ்சி.” நான் எண்ணிப் போடுகிறவன், மூடிப் போடுகிறவன் இல்லை என்கிறேன். “போட்டியில சும்மா நிக்கிற மீனுக்கு இன்னாத்த எண்றது” என்கிறான். எனக்கு அவன்மேல் கோபம், ஆனால் அவன் சொல்வது சரி, அதனால் கோபம் இன்னும் அதிகம். மயக்க மருந்து ஏதாவது கலந்திருக்கிறார்களா. பெட்டியில் கொண்டுவரும்போது மீன் அடிபடாமல் இருக்க நாலு சொட்டு கிராம்பு எண்ணெய் விடுகிற வழக்கம் உண்டு. குனிந்து மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். கிராம்பு இல்லை, பின்கட்டிலிருந்து பிரிஞ்சி இலை வாசனைதான். மயங்கிய மீனின் துடுப்பு ஓரம் துவளும், இது நெட்டாக விரிந்திருக்கிறது. கண் சிவந்து தெளிவாக என்னைப் பார்க்கிறது. பேனாவை அல்ல, என்னை. செவுள் சீராகத் திறந்து மூடுகிறது. பயந்த மீன் மூலைக்குப் போகும், நோயாளி மீன் அடியில் படுக்கும். இது கண்ணாடிக்கு எவ்வளவு அருகில் வர முடியுமோ அவ்வளவு அருகில் வந்து நிற்கிறது. சந்தோஷமாக இருக்கிறது. அதுதான் பொறுக்கவில்லை. நடுவரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற மீனுக்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது. என் அட்டையில் அப்படி ஒரு கட்டம் இல்லை. தேர்வுக்கு வந்த பையன் விடைத்தாளில் ஒன்றும் எழுதாமல் ‘ஐயா நலமா’ என்று எழுதி வைத்ததைப் போல. உண்மையில் ஒருவன் அப்படி எழுதினான், பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, பூஜ்யம் போட்டுவிட்டு ‘நலம்’ என்று ஓரத்தில் எழுதினேன். அதற்குத் துறைத்தலைவர் விளக்கம் கேட்டார். அவரிடம் நகைச்சுவை இல்லை, என்மேல் ரகசியக் குறிப்பு எழுத மட்டும் பேனா இருந்தது. ‘சுமார்.’ பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் காகிதத்தைப் பார்க்க வாய்த்தது. கற்பித்தல்: சுமார். ஆய்வு: சுமார். எதிர்கால வாய்ப்பு: சுமார். மூன்று கட்டத்துக்கும் ஒரே சொல், மை ஊறி மூன்றாவது கொஞ்சம் பரவியிருந்தது. அந்த மனிதர் என் வகுப்புக்கு ஒருநாள்கூட வந்ததில்லை. வாசலில் நின்று பார்த்திருப்பாராம், ஆறு மாதம் பார்த்தால் தெரிந்துவிடுமாம் ஓர் ஆள் எப்படி என்று. ஆறு மாதம்.

ஆறு மாதம் என்பது என்னுடையது. அந்த வார்த்தைக்கு நான்தான் சொந்தக்காரன். ‘ஆறு மாதத்தில் தெரியும்’, இருபத்துநான்கு பக்கம், மீன் வளர்ப்போருக்கான கைநூல், கொளத்தூரில் ஒவ்வொரு கடை மேசையிலும் தீனி டப்பாவுக்கு அடியில் இருக்கும். ஆறு மாதத்தில் மண்டை எழும்பாத, நிறம் வராத குஞ்சுக்கு அதன்பின் வராது. இடத்தையும் தீனியையும் அதற்குச் செலவழிக்காதே, கழித்துவிடு. அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் எத்தனை ஆயிரம் குஞ்சுகளைக் கழித்தார்கள். எல்லோரும் கழிக்கிறார்கள், நான் கண்டுபிடித்ததல்ல, நான் மாதத்தைச் சொன்னேன், அவ்வளவுதான். யாராவது ஒருவர் மாதத்தைச் சொல்ல வேண்டுமே. டக் டக், டக். ஏன் இப்படித் தட்டுகிறேன். வகுப்பில் பின்வரிசை பேசினால் மேசையில் இப்படித்தான் தட்டுவேன், இரண்டு, கொஞ்சம் பொறுத்து ஒன்று, அந்த ஒன்றில் எல்லோரும் அடங்குவார்கள். மற்ற தொட்டிகளிலும் இப்படித்தான் தட்டினேனா. தட்டினேன், எல்லாம் பாய்ந்தன. இது மூன்றாவது தட்டுக்குக் காத்திருந்து கன்னத்தைச் சாய்க்கிறது. மூன்றாவதற்கு. முதல் இரண்டில் அசையாமல் இருந்தது, கவனித்தாயா அரங்கநாயகம், மூன்றாவதற்குத்தான் சாய்ந்தது. தற்செயல். மறுபடி தட்டு. வேண்டாம். தட்டிப் பார். டக் டக். நிற்கிறது. காத்திருக்கிறது. நான் மூன்றாவதைத் தட்டவில்லை. அது காத்திருக்கிறது, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தட்டு என்று. ஒரே ஒரு மீனுக்குத்தான் இந்தப் பழக்கம் இருந்தது, அதற்குத் தினமும் காலை ஆறே காலுக்குத் தட்டி, மூடியைத் திறந்து, மோதிர விரலைத் தண்ணீரில் விட்டால் இடது கன்னத்தைக் கொண்டுவந்து விரலில் தேய்க்கும். அது கறுப்பு மீன். கரிக்கட்டை மாதிரி. மண்டை என்று ஒன்றும் கிடையாது, நெற்றி சப்பை. அது செத்துப்போனது. செத்துப்போகவில்லை, கழித்தேன், அதாவது கழிக்கச் சொன்னேன், கழித்தால் செத்ததுதானே.

இது பொன்மஞ்சள், அது கறுப்பு. இதற்கு மண்டை என் முஷ்டி அளவு, அதற்குச் சப்பை. ஒன்றோடு ஒன்று ஒட்டவே ஒட்டாது. அதை நான் நக அளவிலிருந்து வளர்த்தேன், முத்து முத்தாகச் செதிலில் புள்ளி விழுகிற வகை என்று நம்பி வளர்த்தேன், அந்த வகைக்கு ஐந்தாம் மாதமே நிறம் வந்துவிடும். ஐந்தில் வரவில்லை. ஆறில் இருந்த சாம்பலும் போய்க் கறுத்தது, தினம் தினம் கறுத்தது, நூல் எழுதினவன் வீட்டுத் தொட்டியில் இப்படி ஒன்றா என்று வருகிறவர்கள் எல்லோரும் அதையே பார்த்தார்கள். வால் அடியைப் பார். பார்க்க மாட்டேன். முதல் சுற்றிலேயே பார்த்தாய், அட்டையில் எழுதினாய்: வால் அடியில் மிளகு அளவு கறுப்பு, தோல் உரிந்ததன் மிச்சம், குறை அல்ல. தோல் உரியும் வகை. ஃபேடர் என்று கடைக்காரர்கள் சொல்லும் வகை. அது முதலில் கறுக்கும், கறுத்துக் கறுத்துப் பார்க்கச் சகிக்காமல் போகும், பிறகு எட்டாம் மாதமோ ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து ஒருநாள் கறுப்பு பொடிப்பொடியாக உரிய ஆரம்பித்து அடியிலிருந்து பொன் வரும். மண்டை அதற்குப் பின்னால் எழும்பும். இது எனக்குத் தெரியும். என் நூலில் பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறது, அடிக்குறிப்பில், ஆறு மாத விதி இந்த வகைக்குப் பொருந்தாது என்று, நானே எழுதினேன், எட்டுப் புள்ளிப் பொடி எழுத்தில். வகையைத் தப்பாகக் கண்டேன். ஆறாவது மாதம் கறுக்கிறதே, ஏன் கறுக்கிறது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் சொல்வது அதுதான்: முதலில் இனம் காண், பிறகு எடை போடு. நான் எடைபோட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டி கழுவ அமுலு வந்திருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை வந்து தண்ணீர் மாற்றி, ஃபில்டர் பஞ்சு கசக்கிப்போட்டுவிட்டுப் போகும் பெண்பிள்ளை, பக்கெட்டும் குழாயும் ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தொட்டி கழுவுகிறவள். நான்தான் வலையைப் போட்டேன். கோபத்தில் போட்டேன், அன்றைக்கும் கோபம்தான், வலையின் கம்பி செவுளில் பட்டு ஒரு துணுக்கு பிய்ந்தது. இடது செவுள். அரிசி அளவு. பக்கெட்டில் போட்டுக் கொடுத்தேன். “சாக்கடையில போட்டுடு.” “நல்லா வெளையாடுதே சார் இது.” “விளையாடுறது வேற, தரம் வேற.” “சரி சார்.” அவ்வளவுதான் நடந்தது, மூன்று வருடம் ஆகிறது, அதன்பிறகும் மற்ற தொட்டிகளைக் கழுவ ஞாயிறுதோறும் வந்தாள், நான் கேட்கவில்லை, அவளும் பேச்சை எடுக்கவில்லை. ‘வளர்த்தவரின் கவனக்குறைவு.’ கோடிட்டு.

எதற்கு என்னைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாய். உனக்குக் கொஞ்சமாவது மூளை இருக்கிறதா. இத்தனை பெரிய மண்டை, உள்ளே வெறும் கொழுப்பு, தெரிந்த விஷயம்தான், மண்டைக்கும் மூளைக்கும் சம்பந்தம் இல்லை. வலை ஞாபகம் இல்லையா, பக்கெட் ஞாபகம் இல்லையா, காலை ஆறே கால் மட்டும் ஞாபகம் இருக்கிறதா. முட்டித் தொலை. உனக்கு முட்ட உரிமை உள்ள ஒரே ஆள் இந்த மண்டபத்தில் நான்தான், எல்லோரிடமும் பாய்கிறவன் என்னிடம் போய்க் கன்னத்தைக் காட்டுகிறாய். இரண்டரை நிமிடம். இப்போது என்ன போடுவது. பத்து போடலாம். யாருக்குத் தெரியும், செல்வகணபதி பிரிஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், பத்து போட்டு முடித்தால் பதினேழு ஜெயிக்கும், என் மனதும் ஆறும். ஆனால் ஆடாத ஆட்டத்துக்குப் பத்து. இருநூறு பேர் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். பூஜ்யம் போடலாம், கண்ணில் பட்டதற்கு அதுதான் நேர்மையான மதிப்பெண், கண்ணில் பட்டதை மட்டும் எழுதுவதுதான் என் தொழில், வாசலில் நின்று பார்த்துவிட்டுச் ‘சுமார்’ என்று எழுதினவரின் தொழிலும் அதுதான். பூஜ்யம் போட்டால் இரண்டாவது தடவை கழித்ததாகும். ஆறு போட்டாலும் கழித்ததுதான், மரியாதையாக. இன்னொரு விதி இருக்கிறது. பதினொன்று. நடுவர் எப்போதாவது தன் கையால் வளர்த்த மீன் போட்டிக்கு வந்தால் அந்த மீனுக்கு அவர் மதிப்பெண் போடக் கூடாது. காரணத்தைச் சபையில் சொல்லி விலக வேண்டும். நடுவர் எவனோ தான் வளர்த்து விற்ற மீனுக்கே கோப்பை கொடுத்தான் என்று எழுதிய விதி. எழுதும்போது வெகு சந்தோஷமாக எழுதினேன். சபையில். காரணத்தை. சொன்னால் நாளைக்கு அந்த இருபத்துநான்கு பக்கத்தை எந்த மேசையிலும் வைக்க மாட்டார்கள், தீனி டப்பாவுக்கு அடியில்கூட. நூலை எழுதினவனே தன் தொட்டியில் வகை தெரியாமல் சாம்பியனைச் சாக்கடைக்கு அனுப்பினான் என்று சந்தை முழுக்கச் சிரிக்கும். சிரிக்கட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு வேறு என்ன இருக்கிறது. மனைவி இறந்து ஏழு வருடம், காலை ஆறே காலுக்கு எழுந்திருக்கக் காரணமாக இருந்தது ஒரு கறுப்பு மீன், அதையும் அனுப்பினேன், மிச்சம் இருப்பது ‘புரபசர் பார்த்துச் சொன்னாரா’ என்று நாலு பேர் கேட்பது மட்டும். மீன் வாயைத் திறந்து மூடுகிறது. காத்திருக்கிறது. மூன்றாவது தட்டு இன்னும் பாக்கி இருக்கிறது.

தட்டினேன். சாய்ந்தது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன். “நான் இதுக்கு மார்க் போட முடியாது.” செல்வகணபதிக்குக் காது கேட்கவில்லையோ என்று பார்த்தேன், கேட்டிருக்கிறது. “இன்னா சார் சொல்றீங்க?” “இந்த மீனுக்கு என்னைத் தெரியும். விதி பதினொன்று.” ஜெபசிங் மைக்கைக் கொண்டுவந்து என் வாயருகில் நீட்டிவிட்டான், சபை என்றால் அவனுக்கு அவ்வளவு ஆசை. “உங்க மீனா சார்?” என்று கேட்டான், மண்டபம் முழுக்க எதிரொலித்தது. இல்லை என்றேன். “நான் வேண்டாம்னு சாக்கடையில போடச் சொன்ன மீன். ஆறு மாசத்துல. வகை தெரியாம.” என் குரல் ஒலிபெருக்கியில் எனக்கே அந்நியமாக, தெளிவாக, வகுப்பில் கேட்பதைப் போலக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. தெர்மாகோல் மணமக்களுக்குக் கீழே ஒரு குழந்தை மட்டும் இருமியது. சிரித்திருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். செல்வகணபதி அட்டையை வாங்கினான், குறிப்புப் பகுதியைப் படித்தான், என்னைப் பார்த்தான், அவனிடம் முதல்முறையாக நாகரிகம் தெரிந்தது, அட்டையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டான். “சரி, எனக்கு மூணு நிமிஷம்” என்று பேனாவைக் கண்ணாடியில் வைத்தான். மீன் விருட்டென்று திரும்பியது. செவுள் விரிந்தது, மண்டை நிமிர்ந்தது, உடம்பு முழுக்கச் சிவப்பு ஏறியது, ஆகா இதுதான், இதுதான் என்று எனக்குள் யாரோ எழுந்து நிற்க, பாதி வழியில் அதன் கண்ணில் நான் பட்டேன். அப்படியே செவுளை மடக்கிக்கொண்டு, செல்வகணபதியைக் கடந்து, நான் நிற்கும் ஓரத்துக்கு வந்து கன்னத்தைச் சாய்த்தது. நான் வலதுபக்கம் நகர்ந்தேன். அதுவும் நகர்ந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன், அவன் தோளுக்கு மேலே என்னைத் தேடி மேலே வந்தது. “சார், இப்டியே நின்னீங்கன்னா ரெண்டுதான் வரும்” என்றான் செல்வகணபதி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. மேடைக்குப் பின்னால் போகலாம் என்றால் எல்லாம் கண்ணாடித் தொட்டி, ஒன்றின் வழியாக ஒன்று தெரிகிறது. மறைய இந்த மண்டபத்தில் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. அதை ஏற்பாடு செய்தவன் நான். இருநூறு பேர் வழிவிட, தலைமை நடுவர் பட்டை நெஞ்சில் குத்தியிருக்க, என் விதியை நோக்கி நான் நடந்தேன். அறுபத்துமூன்று வயதில் வகுப்பைவிட்டு வெளியே அனுப்பப்பட்டவனைப் போல, கோபத்தோடு, யார்மேல் என்று இப்போது தெளிவாகத் தெரிந்த கோபத்தோடு, அதனால் கொஞ்சமும் குறையாத கோபத்தோடு.

பச்சைத் துணியை விலக்கி உள்ளே போனேன். வாழையிலைக் கட்டுக்கும் தண்ணீர் கேன்களுக்கும் நடுவில் இருபத்திரண்டு பேரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர்கூட இருந்தார், இந்த வருடம் நீலச் சட்டை. துணியோரம் அமுலு நின்றுகொண்டிருந்தாள், பட்டுப்புடவை கட்டி, கையில் பதினேழு என்று எழுதிய சீட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பீடி அளவுக்கு ஆக்கியிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. போன ஞாயிறுகூட என் வீட்டுக்கு வந்து தொட்டி கழுவினாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாக்கடையில் போடவில்லையா என்று கேட்டேன், கடுமையாகத்தான் வந்தது, எனக்கு வேறு குரல் கிடையாது. “போட்டேன்னு உங்கையில சொன்னேனா சார்? சரின்னுதான் சொன்னேன்.” எப்போது உரிந்தது என்று கேட்டேன். “பதினாலாம் மாசம். ஒரு நாள் காலைல பாத்தா தண்ணியெல்லாம் கரித்தூள். செத்துப்போவுதுன்னு அழுதுகினே தண்ணி மாத்துறேன், அடியில மஞ்சளா தெரியுது.” சொல்லும்போதும் அவள் கண் துணியின் கிழிசல் வழியாக மேடையிலேயே இருந்தது. “தினமும் எப்டி எழுப்புவே?” என்று கேட்டேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவள் வாழையிலைக் கட்டின்மேல் விரலால் தட்டிக் காட்டினாள். இரண்டு. கொஞ்சம் பொறுத்து, ஒன்று. “நீங்க தட்றத பாத்துதான். வேற எப்டி தட்டுனாலும் வர மாட்டேங்குது.” மைக்கில் ஜெபசிங், இன்னும் இரண்டு நிமிடம் என்றான். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று, துணிக்கு மேலே, அந்தப் பொன்மஞ்சள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அமுலு என் சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“குனிங்க சார். உங்க தல தெரியுது அதுக்கு.”

குனிந்தேன். இன்னும் குனி என்பதுபோல் அவள் கையைக் காட்ட, வேட்டியை மடக்கிக்கொண்டு வாழையிலைக் கட்டுக்குப் பக்கத்தில் தரையோடு உட்கார்ந்தேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அங்கே, தூரத்தில், கண்ணாடியில் டொக்கென்று ஒரு முட்டு விழுந்தது.